வேலிக்கு அந்தப் பக்கம் எடுத்த படம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வார இறுதிப் பக்கத்தில் சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ராயல் தேசியப் பூங்காவின் வெட்டிங் கேக் பாறையை முக்கால் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படம் நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த வெள்ளைப் பாறையின் நுனியில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓர் இளைஞர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் அங்கே இருக்கவே கூடாது. 2015 முதல் அந்தப் பாறைக்கு வேலி போட்டிருக்கிறார்கள். ஏறிக் குதித்தால்தான் அங்கே போக முடியும், பிடித்தால் அபராதமும் உண்டு. நீங்களோ படத்துக்குக் கீழே “குடும்பத்தோடு கட்டாயம் போக வேண்டிய இடம்” என்று எழுதியிருக்கிறீர்கள், வேலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எந்த ரயில், எத்தனை கிலோமீட்டர், தண்ணீர் கிடைக்குமா, வயதானவர்கள் நடக்க முடியுமா, அதுவும் இல்லை. ஒரு படம், நான்கு வரி, அவ்வளவுதான்.

சண்டை போட எழுதவில்லை. உங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பாறை. நான் கட்டட வேலையில் இருப்பவன், புவியியல் படித்தவன் இல்லை. ஆனாலும் பக்கத்துச் சரிவில், வேலிக்கு வெளியே, பாதையிலேயே நின்று பார்த்தால் விஷயம் கண்ணுக்குத் தெரியும். மேலே இருப்பது மணற்பாறை, சிட்னியில் பாதிக் கட்டடங்களுக்கு அஸ்திவாரமாக இருக்கும் அதே ஹாக்ஸ்பரி மணற்பாறை. அதிலிருந்த இரும்புச் சத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விட்டதால் வெளுத்துப் போயிருக்கிறது, மிச்சமிருக்கும் இரும்பு துருப்பிடித்த வரிகளாக ஆரஞ்சு நிறத்தில் ஓடுகிறது. அழகுக்குக் காரணம் அதுதான். ஆனால் அடியில் இருப்பதைக் காற்றும் உப்பும் அரித்துக்கொண்டே போக, மேல் பாறை மேசை விளிம்புக்கு வெளியே தள்ளி வைத்த பலகை போல அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. பின்னால் மலையோடு அது ஒட்டியிருக்கும் இடத்தில் வெடிப்பு ஓடுகிறது. நாங்கள் வேலை பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு பால்கனி இருந்தால் அதற்குக் கீழே கூட யாரையும் நடக்க விட மாட்டோம், மேலே ஏறுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

2014-இல் பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு மாணவர் அந்தப் பக்கத்துச் செங்குத்துப் பாறையில் நின்றபோது, நின்ற பாறையே உடைந்து விழுந்து இறந்துபோனார். அதற்கப்புறம் நிபுணர்கள் வந்து ஆராய்ந்தார்கள். வெட்டிங் கேக் பாறை பத்து வருடத்துக்குள்ளேயே சரிந்து விழலாம் என்று சொன்னார்கள். அதனால் வந்ததுதான் வேலி. இப்போது பத்து வருடமும் ஆகிவிட்டது, பாறை அங்கேயே இருக்கிறது, உடனே நம் ஆட்கள் “பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலையே” என்கிறார்கள். விழாமல் இவ்வளவு நாள் நின்றிருக்கிறது என்றால் விழும் நாளுக்கு இவ்வளவு நெருங்கிவிட்டோம் என்றுதானே கணக்கு?

சரி, பாறையை விடுங்கள். என் உண்மையான வருத்தம் வேறு. வடக்கே பண்டீனாவில் தொடங்கித் தெற்கே ஆட்ஃபோர்டு வரைக்கும் 26 கிலோமீட்டர் கடலோரப் பாதை அங்கே இருக்கிறது. அதில் நம் சனங்களுக்குத் தெரிந்தது இரண்டே இடம்: இந்தக் கேக் பாறை, அப்புறம் அந்த எட்டு வடிவக் குளம். இரண்டும் போன் திரைக்குப் பிரமாதமாக இருக்கும், இரண்டும் ஆளைக் கொல்லக் கூடியவை. நடுவில் இருக்கும் மற்றதை யாரும் சொல்வதே இல்லை. நீங்களாவது சொல்லுங்கள் என்றுதான் இந்தக் கடிதம்.

அந்தப் பூங்கா என்ன சாதாரணமா? 1879-இல் அறிவிக்கப்பட்டது, அமெரிக்காவின் எல்லோஸ்டோனுக்கு அடுத்தபடியாக உலகிலேயே இரண்டாவது தேசியப் பூங்கா. அப்போது அதற்கு “தேசியப் பூங்கா” என்பதே பெயர், வேறு இல்லாததால் வேறு பெயர் தேவைப்படவில்லை போல. 1954-இல் எலிசபெத் ராணி வந்துபோன பிறகு, மறு வருடம் “ராயல்” சேர்த்தார்கள். அதற்கெல்லாம் முன்னால், எத்தனையோ ஆயிரம் வருடங்களாக அது தரவல் என்ற பூர்வகுடி மக்களின் நிலம். பண்டீனாவுக்குப் பக்கத்தில் ஜிப்பன் முனையில் அவர்கள் பாறையில் கீறி வைத்த திமிங்கிலமும் திருக்கையும் இன்றும் தெரிகின்றன. மிதிபடாமல் இருக்கச் சுற்றிலும் நடைமேடை கட்டியிருக்கிறார்கள். காலையிலோ சாயங்காலமோ சாய்வெயிலில் போனால்தான் கோடுகள் துலக்கமாகத் தெரியும், நடுப்பகலில் போனால் வெறும் பாறைதான். வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போக அதைவிட நல்ல இடம் இல்லை. உங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு ஓரம் கூடக் கிடைக்கவில்லை!

பண்டீனாவுக்குப் போக கார் வேண்டியதில்லை என்பதையும் எழுதுங்கள். குரொனுல்லா வரைக்கும் ரயில், அங்கிருந்து ஹாக்கிங் துறைமுகத்தைக் கடக்கும் சின்னப் படகு. 1939-இல் கட்டிய குரனுல்லா என்ற மரப் படகு பல காலம் ஓடிய வழி அது. பூங்காவுக்குள் காரில் போனால் நாளுக்கு 12 டாலர் கட்டணம், விடுமுறை நாளில் நிறுத்த இடம் தேடியே ஒரு மணி நேரம் போகும், படகில் போனால் இந்தத் தொல்லை இல்லை. படகில் ஏறியதும் பிள்ளைகளுக்குப் பாதி மகிழ்ச்சி வந்துவிடும், மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

பண்டீனா தாண்டியதும் பாதை பாறை மேட்டின் மேலேயே போகும். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் இடுப்பளவு புதர்க்காடு. உப்புக் காற்று அடித்து அடித்து எல்லாச் செடியும் ஒரே உயரத்துக்குக் குட்டையாகிக் கிடக்கிறது. மண் மெலிந்த மண், கால் பட்டால் கரைந்துவிடும். அதனால் பாதி வழிக்குத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, ஓட்டை ஓட்டையான நார்ப் பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் அந்த ஓட்டைகள் வழியே கீழே செடி முளைத்து வருவதும் எறும்பு ஊர்வதும் தெரியும். மழை பெய்த மறுநாள் அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். பாங்சியா பூத்திருக்கும் மாதங்களில் தேன்குடிக் குருவிகள் ஆளைக் கண்டு பயப்படாமல் கை எட்டும் தூரத்தில் மூக்கு முழுக்க மகரந்தத்தோடு உட்கார்ந்திருக்கும். கையில் போன் இருந்தால் அதை எடுங்கள், பாறை நுனி எதற்கு?

மே மாதம் தொடங்கினால் திமிங்கிலம். தெற்கே பனிக்கடலிலிருந்து வடக்கே குயின்ஸ்லாந்து பக்கம் குட்டி போடப் போகும் கூனல் திமிங்கிலங்கள் இந்த முனைகளை ஒட்டியே போகின்றன. ஆகஸ்டுக்கு மேல் நவம்பர் வரை குட்டியோடு திரும்புகின்றன. முதலில் ஒன்றும் தெரியாது, கடல் மேல் ஒரு புகை மாதிரி எழும்பும், அப்புறம் முதுகு தெரியும். இதற்குப் படகுக்காரர்களிடம் காசு கொடுத்துப் போய் வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். முனையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்.

வட்டமோல்லா பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1796-இல் பாஸ், பிளிண்டர்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடிகள் ஒரு குட்டிப் படகில் புயலில் மாட்டி, இந்தக் குடாவில் ஒதுங்கித்தான் உயிர் பிழைத்தார்கள். கடற்கரையும் அதற்குப் பின்னால் உப்பங்கழியும் அதில் விழும் அருவியும் ஒரே இடத்தில் இருப்பதால் குடும்பங்களுக்கு ஏற்ற இடம், கார் அங்கேயே போகும். ஆனால் அந்த அருவிப் பாறையிலிருந்து குதிக்கும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தடை போட்டு, வேலி போட்டு, அபராதம் போட்டும் நிற்கவில்லை. கீழே தண்ணீர் ஆழம் மாறிக்கொண்டே இருக்கும், மணல் வந்து அடைத்துவிடும், நேற்றுக் குதித்தவன் பிழைத்தான் என்பது இன்றைக்குச் சாட்சி ஆகாது. நம் பிள்ளைகளும் குதிக்கிறார்கள், பெற்றோர் கரையில் நின்று வீடியோ எடுக்கிறார்கள். கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

அதற்குத் தெற்கே கர்ரக்கர்ராங். ஓடைத் தண்ணீர் மலை விளிம்பிலிருந்து நேராகக் கடலிலேயே விழுகிறது, காற்று பலமாக அடித்தால் விழுந்த தண்ணீர் திரும்ப மேலே பறந்து வந்து பாதையில் நிற்பவர் முகத்தில் அடிக்கும். பக்கத்தில் கழுகுத் தலை மாதிரியே ஒரு பாறை. அங்கே வேலி கிடையாது, அதனால்தான் சொல்கிறேன், விளிம்பிலிருந்து நாலு எட்டு பின்னாலேயே நில்லுங்கள். காரி கடற்கரை தாண்டியதும் நிலத்தின் குணமே மாறிவிடும். வடக்கே இருந்த கெட்டி மணற்பாறை மேலே உயர்ந்துபோய், அடியிலிருந்த களிப்பாறை வெளியே வருகிறது. செங்குத்துச் சுவர் போய் புல் மூடிய சரிவுகள் வருகின்றன. பெருமழைக் காலத்தில் சரிகிற மண் இதுதான். பாதையின் தென்பகுதியை அவ்வப்போது மூடுவதற்கும் இதுதான் காரணம். கீழே சீ கிளிஃப் பிரிட்ஜ் என்கிற கடல்பாலம் இருக்கிறதே, அங்கே பாலம் கட்டியதும் இதனால்தான்: மலையிலிருந்து பாறை உருண்டு உருண்டு விழுந்து பழைய சாலையை 2003-இல் மூடினார்கள், 2005-இல் 665 மீட்டருக்குப் பாலம் கட்டிச் சாலையைக் கடலுக்கு மேலேயே தள்ளிவிட்டார்கள்.

கடல்பாலம் என்றதும் எல்லோருக்கும் புரிந்திருக்கும். ஏனென்றால் நாம் எல்லோரும் அங்கே போகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஹெலன்ஸ்பர்க் வேங்கடேசுவரர் கோயில், 1985-இல் குடமுழுக்கு நடந்ததிலிருந்தே சிட்னித் தமிழர்களுக்கு இது வழக்கமாகிவிட்டது. பெருமாளைச் சேவித்து, அந்தப் பக்கம் சிவன் சந்நிதியையும் கும்பிட்டு, கேன்டீனில் தோசையோ புளியோதரையோ சாப்பிட்டு, பால்டு ஹில் மேட்டில் இறங்கிப் பாராகிளைடரில் பறக்கிறவர்களை வேடிக்கை பார்த்து, கடல்பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு வீடு. அதே பால்டு ஹில்லிலிருந்து, பாலத்துப் பக்கம் இறங்காமல், வடக்கே திரும்பினால் சில நிமிடத்தில் ஆட்ஃபோர்டு. 26 கிலோமீட்டர் பாதையின் தென்முனை அங்கேதான். இத்தனை வருடம் கோயிலுக்கு வந்துபோகிறவர்களில் பெரும்பாலானோர் அந்தத் திருப்பத்தில் திரும்பியதே இல்லை. சிலரைக் கேட்டுப் பார்த்தேன், “அங்கே என்ன இருக்கு?” என்கிறார்கள்.

என்ன இருக்கு என்று சொல்கிறேன். ஆட்ஃபோர்டு மேட்டில் ஏறி முதல் வளைவில் திரும்பிப் பார்த்தால் தெற்கே மலையும் கடலும் ஒன்றன்பின் ஒன்றாக வொலாங்காங் வரைக்கும் போகும். அதற்குமேல் நடக்க முடியாதவர்கள் அங்கேயே உட்காரலாம், வந்த பலன் கிடைத்துவிட்டது. மேலே போகிறவர்களுக்கு ஒரு கிளைப் பாதை வெர்ராங் கடற்கரைக்கு இறங்கும். அங்கே உடையில்லாமல் குளிக்கச் சட்டப்படி அனுமதி உண்டு, மாமனார் மாமியாரோடு வருகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நேர் பாதையில் போனால் பனைக்காடு. நம் பனை இல்லை, முட்டைக்கோஸ் பனை என்பார்கள், நெடுநெடுவென்று உயர்ந்து உச்சியில் விசிறி இலை விரித்த மரம். உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறையும், கடல் பக்கத்திலேயே இருந்தும் சத்தம் அமுங்கிப்போகும். காய்ந்த மட்டை காற்றில் உரசும் சத்தம் மட்டும் மேலிருந்து கேட்கும், ஊரில் பனந்தோப்புக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சத்தம் என்ன செய்யும் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஈரமான நாளில் அட்டை உண்டு, உண்ணியும் உண்டு, வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னாலும் இடுப்பிலும் தேடிப் பாருங்கள்.

காட்டை விட்டு வெளியே வந்தால் புல்வெளிச் சரிவு, கீழே பர்னிங் பாம்ஸ் கடற்கரை, சரிவில் அங்கங்கே சின்னச் சின்னத் தகரக் குடில்கள். 1930-களில் வேலையில்லாத் திண்டாட்டக் காலத்தில் சுரங்கத் தொழிலாளிகளும் மற்றவர்களும் கிடைத்ததைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கட்டியவை இவை. இடிக்க வேண்டுமென்று அரசாங்கம் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தது, கடைசியில் 2012-இல் மாநிலப் பாரம்பரியச் சின்னமாகவே அறிவித்துவிட்டார்கள். ஆட்கள் பயன்படுத்துகிற இடம், உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். மான் கூட்டம் மேய்வதும் தெரியும். பிள்ளைகள் துள்ளுவார்கள், ஆனால் அது இந்த மண்ணின் விலங்கு இல்லை, வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட ருசா மான், இன்றைக்குப் பூங்காவின் செடிகொடியைத் தின்று தீர்க்கும் தொல்லை அதுதான். போய்த் திரும்பி வர சுமார் பத்து கிலோமீட்டர், ஏற்ற இறக்கம் உண்டு, அரை நாள் வேண்டும்.

இப்போது அந்த எட்டு வடிவக் குளத்துக்கு வருகிறேன். பர்னிங் பாம்ஸிலிருந்து பாறை மேலேயே தெற்கே போனால் வரும். உங்கள் பத்திரிகை இன்னும் அதைப் போடவில்லை, அடுத்து போட்டுவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. வாட்ஸாப் குழுக்களில் அது சுற்றாத வாரமே இல்லை. வட்டமாக இரண்டு குழி ஒன்றோடொன்று சேர்ந்து எட்டு என்று எழுதினாற்போல இருக்கும், உள்ளே பச்சைத் தண்ணீர் ஆடாமல் அசையாமல் நிற்கும். படம் எடுப்பவர் மேலிருந்து எடுப்பார். அந்தப் படத்தில் தெரியாதது என்னவென்றால், அந்தக் குளம் இருக்கும் பாறைத் தட்டு கிட்டத்தட்டக் கடல் மட்டத்திலேயே இருக்கிறது, விளிம்புக்கு அந்தப் பக்கம் திறந்த பெருங்கடல்.

நான் தூத்துக்குடிக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். கடலுக்கு முதுகு காட்டி நிற்காதே என்பதை நடக்கப் பழகுவதற்கு முன்பே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அங்கே போய்ப் பாருங்கள், அத்தனை பேரும் முதுகு காட்டித்தான் நிற்கிறார்கள், கேமரா கரைப்பக்கம் இருக்கிறதே! கடல் ஒரே மாதிரி அடிக்காது. பத்துப் பதினைந்து நிமிடம் சின்னச் சின்னதாக வரும், தட்டின் விளிம்பிலேயே உடைந்து போகும், பார்க்கிறவர் இவ்வளவுதானா என்று இறங்கிவிடுவார். அப்புறம் எங்கோ தூரத்துப் புயலில் கிளம்பிய பெரிய அலைகள் மூன்று நான்கு சேர்ந்து வரும். அது விளிம்பில் உடையாது, தட்டு மேலேயே ஏறி முழங்கால் உயரத்துக்கு ஓடும். முழங்கால் உயரம்தானே என்று நினைக்கக் கூடாது. அந்த வேகத்தில் கால் நிற்காது, சிப்பியும் கூர்ப்பாறையும் நிறைந்த தரையில் ஆளை உரித்துக்கொண்டே இழுத்துப் போகும். 2016-இல் அப்படி அடித்துப் பலருக்குக் காயம், ஹெலிகாப்டர் வந்து தூக்கிப் போனது. அந்த வீடியோவையும் இதே குழுக்களில்தான் பார்த்தோம், ஐயோ என்று பத்துப் பேர் எழுதினார்கள், மறுவாரமே யாரோ குளத்தின் படத்தைப் போட்டு “சண்டே போலாமா?” என்றார்கள்.

வற்றம், அதாவது கடல் நீர் இறங்கியிருக்கும் நேரம், பார்த்துப் போனால் போதும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. போதாது. வற்றமும் வேண்டும், அலையும் அடங்கியிருக்க வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். மேலே வானம் நீலமாக, காற்றே இல்லாமல், வற்றமாகவும் இருக்கும் நாளில் கூட தெற்கிலிருந்து பெரிய அலை வந்துகொண்டிருக்கலாம், கரையில் நிற்பவருக்கு அது தெரியாது. அதற்காகவே நியூ சவுத் வேல்ஸ் தேசியப் பூங்காத் துறை அந்தக் குளத்துக்கென்று தனியாக அலை அபாய முன்னறிவிப்பு போடுகிறது, எந்த நாள் எந்த மணிக்கு எவ்வளவு ஆபத்து என்று. ஒரு மாநிலத்தின் பூங்காத் துறை ஒரு குளத்துக்கு இவ்வளவு மெனக்கெடுகிறது என்றால் அது எப்படிப்பட்ட இடம் என்று யோசிக்க வேண்டாமா? அதைப் பார்க்காமல் போகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பார்த்தபின் ஆபத்து என்று இருந்தால் பனைக்காட்டோடு திரும்பி விடுங்கள். மானம் ஒன்றும் போய்விடாது.

இதைப் படித்ததும் “பயமுறுத்துகிறார், வீட்டிலேயே இருக்கச் சொல்கிறார்” என்று சிலர் எழுதுவார்கள், தெரியும். தலைகீழாகச் சொல்கிறேன். இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை. நம்மில் நடக்கிறவர்கள் குறைவு. சர்க்கரைக்கும் கொலஸ்ட்ராலுக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு ஷாப்பிங் சென்டருக்குள் சுற்றிச் சுற்றி நடக்கிறவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்குச் சரியான தகவல் கிடைத்தால் வருவார்கள். இப்போது கிடைப்பது படம் மட்டும்தான், படத்தைப் பார்த்து வருகிறவர் செருப்போடு வருகிறார், அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார், கோயிலுக்கு உடுத்திய பட்டுப் புடவையோடு பாறையில் இறங்குகிறார். போன வெயில் காலத்தில், பர்னிங் பாம்ஸிலிருந்து மேலே வரும் கராவரா ஏற்றத்தில் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், மகன் முன்னாலேயே போய்விட்டார், போனில் சிக்னல் இல்லை. எங்களிடம் இருந்த தண்ணீரைக் கொடுத்து, நிழலில் உட்கார வைத்து, மெதுவாக மேலே கொண்டுவந்து சேர்த்தோம். இறங்கும்போது சுலபமாக இருக்கும், ஏறும்போதுதான் தெரியும் என்பதை யாராவது அவருக்கு முன்பே சொல்லியிருந்தால் அவர் மேலேயே இருந்து கடலைப் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

ஆகவே எழுதும்போது இவற்றைச் சேர்த்து எழுதுங்கள். வழியில் குடிதண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு மூன்று லிட்டர் வேண்டும். பிடிப்புள்ள ஷூ வேண்டும். தொப்பி, ஏனென்றால் முனைகளில் நிழலே இல்லை. பள்ளங்களில் சிக்னல் போய்விடும், யாராவது ஒருவரிடம் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். குளிப்பதென்றால் சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில் மட்டும், கொடி இல்லாத கடற்கரையில் இறங்க வேண்டாம், அங்கே நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்துக்கொண்டு போனால் நீச்சல் தெரிந்தவனாலும் எதிர்த்து நீந்த முடியாது. குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும், வாழையிலைதானே மக்கிப் போகும் என்று புதரில் வீசக் கூடாது. நாய் கூடாது. காரி, வட்டமோல்லா சாலைகளை இரவு எட்டரைக்குப் பூட்டிவிடுவார்கள். வடக்கு ஈராவில் கூடாரம் போட்டுத் தங்கி இரண்டு நாளாக முழுப் பாதையையும் நடக்க விரும்பும் இளைஞர்கள் முன்பதிவு செய்ய வேண்டும். தீ அபாயம் கூடிய நாட்களில் பூங்காவையே மூடுவார்கள், அதில் முணுமுணுக்க ஒன்றுமில்லை: 1994 ஜனவரித் தீயில் பூங்காவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எரிந்து போனது. கிளம்பும் அன்று காலையில் பூங்காத் துறையின் பக்கத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

படங்களைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். வாசகர்கள் அனுப்புவதைத்தான் போடுகிறோம் என்பீர்கள். சரி. வேலிக்கு அந்தப் பக்கம் எடுத்ததை மட்டும் போட மாட்டோம் என்று ஒரு முடிவு எடுங்கள், அறிவித்தும் விடுங்கள். பத்திரிகையில் படம் வரும் என்பதற்காகவே ஏறுகிற வயது அது, நம் வீட்டுப் பிள்ளைகளை நமக்குத் தெரியாதா?

கோயில் கேன்டீன் சுவரில் ஒட்டுவதற்குத் தமிழில் ஒரு பக்க அறிவிப்பு எழுதி வைத்திருக்கிறேன். ஆட்ஃபோர்டுக்கு எப்படிப் போவது, எதுவரை யார் நடக்கலாம், குளத்துக்கு முன்னறிவிப்பை எங்கே பார்ப்பது, அவ்வளவுதான். கோயில் அலுவலகத்தில் அனுமதி கேட்கப் போகிறேன், மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் எழுதித் தர ஆள் வேண்டும், உங்கள் வாசகர்களில் யாருக்காவது முடியுமானால் பத்திரிகை மூலம் தொடர்பு கொள்ளட்டும். டிசம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கினால் கூட்டம் குவிந்துவிடும், அதற்கு முந்தைய இதழில் இது வந்தால் நல்லது, இடம் போதாவிட்டால் திமிங்கிலத்தையும் மானையும் வெட்டிக்கொள்ளுங்கள், அலையைப் பற்றி எழுதியதை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
வென்ட்வொர்த்வில் வாசகர் ஒருவர்